வேலையை விட்டு நீக்க முடியாத இடத்தில் தலைமை: குடும்பம் கற்றுத்தருவது

கேள்வி இதுதான்: ஒரு குடும்பத்தை நடத்திய அனுபவம், வேலையிடத்தில் ஒரு குழுவை நடத்த உண்மையிலேயே கைகொடுக்குமா, இல்லை அது மேடைப் பேச்சோடு நின்றுவிடும் சமாச்சாரமா? கைகொடுக்கும் என்றால் எது, எப்படி?

கைகொடுக்கும். ஆனால் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அன்பு, பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம். அதைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை யாரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை. குடும்பம் பாடமாவதற்குக் காரணம் வேறு. அங்கே ஆளை நீக்க முடியாது. புது ஆளை எடுக்க முடியாது. சம்பள உயர்வைக் காட்டி வேலை வாங்க முடியாது. வேறு துறைக்குத் தள்ளிவிடவும் முடியாது. இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு இன்று இரவுக்குள் வேலை முடிய வேண்டும், நாளைக்கும் அதே ஆட்கள்தான். பதவி தரும் அதிகாரத்தைக் கழித்துவிட்டால் தலைமையில் என்ன மிஞ்சும் என்பது அங்கே தினமும் தெரிந்துவிடுகிறது. அப்படி மிஞ்சுவது எதுவோ, அதைத்தான் அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாம்.

முதல் விஷயம், கண்ணுக்குத் தெரியாத வேலை. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019-இல் ‘அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவ்யூ’ இதழில் வெளியிட்ட ஆய்வு, வீட்டு வேலையில் மூளை செய்யும் பங்கை நான்காகப் பிரித்தது: வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, ஒன்றை முடிவுசெய்வது, அது நடந்ததா என்று கவனித்துக்கொண்டிருப்பது. முடிவுசெய்யும் கட்டத்தில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்தே நின்றார்கள். முன்கூட்டி உணர்வதும், பிறகு கவனித்துக்கொண்டிருப்பதும்தான் அதிகமாகப் பெண்கள் தலையில் விழுந்தன.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணை எப்போது என்று நினைவில் வைத்திருப்பது, எந்த நாள் தோதுப்படும் என்று பார்ப்பது, நேரம் குறிப்பது, போய்வருவது, போட்டதைக் குறித்துவைப்பது, இரவு காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பது, அதற்கடுத்த தவணைத் தேதியை நாட்காட்டியில் ஏற்றுவது. இதில் வண்டியோட்டிக் கூட்டிப்போய் வந்தவர், ‘ஊசி போட்டுவந்துவிட்டேன்’ என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஏழு வேலையில் அவர் செய்தது ஒன்று.

‘சொன்னால் செய்யப்போகிறேன், சொல்லவேண்டியதுதானே?’ என்ற வாக்கியம் எத்தனையோ வீடுகளில் சண்டையில் முடிவது இதனால்தான். சொல்வதே ஒரு வேலை. அதுவும் இருப்பதில் கனமான வேலை. அலுவலகத்தில் இதே காட்சி தலைகீழாக நடக்கும். மேலாளர் ஒருவர் முன்கூட்டி உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, கவனிப்பது நான்கையும் தன்னிடமே வைத்துக்கொள்வார். கையால் செய்யும் பகுதியை மட்டும் பிரித்துக் கொடுப்பார். ஆறு மாதம் கழித்து, ‘என் டீமில் யாருக்கும் தானாக முன்வந்து செய்யத் தெரியவில்லை’ என்று புலம்புவார். தானாக முன்வருவதற்கு வேண்டிய பகுதியை அவர் யாருக்குமே கொடுத்ததில்லை.

எனவே பொறுப்பைக் கைமாற்றுவது என்றால் நான்கையும் சேர்த்து மாற்றுவது. இது எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் வீட்டின் துணி துவைக்கும் வேலையை ஒப்படைக்கிறீர்கள்; வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இனிமேல் துணி உன் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டுப் போவது ஒப்படைப்பு அல்ல, கைகழுவல். முதலில் எல்லையைப் பேசவேண்டும். எது அவளுடையது, எது இல்லை (கம்பளியும் பட்டும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்). எப்போது தொடங்கவேண்டும்: யாரும் சொல்வதற்குக் காத்திராமல், அழுக்குக்கூடை முக்கால்வாசி நிறைந்தால். எப்போது முடிந்ததாகக் கணக்கு: மெஷின் நின்றதும் அல்ல, கொடியில் காய்ந்ததும் அல்ல, மடித்து அவரவர் அலமாரியில் வைத்ததும். சோப்புத்தூள் தீரப்போவதைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலைதான் என்றால், அதை வாங்கச் சொல்லும் உரிமையும் அவளுக்கு வேண்டும். இந்தக் கடைசி அம்சம்தான் அலுவலகத்தில் பெரும்பாலும் விட்டுப்போகிறது. பொறுப்பு ஒருவரிடம், செலவுக்கு ஒப்புதல் இன்னொருவரிடம். பிறகு ‘ஏன் தாமதம்?’ என்ற கேள்வி மட்டும் முதலாமவரிடம்.

முதல் தடவை நீங்கள் செய்யுங்கள், அவள் பார்க்கட்டும். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: பைக்குள் கைவிட்டுப் பார்ப்பது ஏன் (ஒரு டிஷ்யூ காகிதம் போதும், எல்லாத் துணியிலும் வெள்ளைத் துகள் ஒட்டிக்கொள்ளும்), புதுச் சிவப்புத் துணி ஏன் தனியாகப் போகவேண்டும், டிரம்மை ஏன் திணித்து நிரப்பக்கூடாது, தூள் அதிகமானால் ஏன் அழுக்கு கூடுதலாகப் போகாமல் துணியில் படிந்து நிற்கும், துவைத்த துணியை ஏன் இரவு முழுக்க உள்ளேயே விடக்கூடாது. இரண்டாம் தடவை இருவரும் சேர்ந்து. மூன்றாம் தடவை அவள் செய்ய, நீங்கள் கூப்பிடு தூரத்தில். கேட்டால் மட்டும் பதில். நான்காவதிலிருந்து அவள்தான். வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம், ‘எங்கே இடிக்கிறது?’ என்று கேட்டால் போதும்.

1976-இல் உளவியலாளர்கள் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும், 21 மரத்துண்டுகளைப் பொருத்திப் பிரமிடு கட்டும் வேலையை மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த ஆய்வுமரபிலிருந்து கிடைத்த நடைமுறை விதி எளிது: தவறினால் உதவியை ஒரு படி கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி பின்வாங்கு. நம்மில் பலர் இதில் முதல் பாதியைத்தான் செய்கிறோம். பின்வாங்கும் பாதி மறந்துபோகிறது. ஆறு மாதம் நன்றாகச் செய்தவரையும் முதல் வாரத்தில் பார்த்த அதே கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி எங்கே கெடும் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை காலை, சீருடை இன்னும் ஈரம். நீங்கள் ஓடிப்போய் இஸ்திரி போட்டுக் காயவைத்தால், அந்த நிமிடமே பொறுப்பு உங்களிடம் திரும்பி வந்துவிட்டது; அடுத்த வாரமும் ஈரமாகவே இருக்கும். இன்னொன்று, அவள் மடித்து வைத்ததை நீங்கள் எடுத்துத் திரும்ப மடிப்பது. ஒரு வார்த்தை பேசாமல் செய்தாலும், ‘நீ செய்தது எனக்குப் போதாது’ என்று அதற்கு அர்த்தம். அலுவலகத்தில் ஒருவர் அனுப்பிய அறிக்கையை மேலாளர் உட்கார்ந்து தன் நடைக்கு மாற்றி எழுதுவதும் இதேதான். அடுத்த முறை அவர் அரைகுறையாகவே அனுப்புவார். எப்படியும் மாறப்போகிற ஒன்றுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

எந்தத் தவறை நடக்கவிடலாம், எதை விடக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால் இந்த ஓட்டம் குறையும். மூன்று கேள்விகள் போதும். இழப்பு சிறியதா? திரும்பச் சரிசெய்ய முடியுமா? அதன் விளைவு தவறு செய்தவர் மேலேயே விழுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் (பெரியவருக்குக் கொடுக்கும் மாத்திரை அளவு, எரிவாயு, வரி கட்டும் கடைசித் தேதி) வேலையை ஒப்படைக்கலாம், ஆனால் இன்னொரு கண் பார்க்கும் ஏற்பாட்டோடு. அந்த ஏற்பாட்டையும் ஒளித்துவைக்காமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னாலிருந்து எட்டிப்பார்ப்பது வேறு, ‘வெள்ளிக்கிழமை சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லிவைத்துப் பார்ப்பது வேறு.

யார் அதிகம் செய்கிறார் என்ற கணக்கு

1979-இல் உளவியலாளர்கள் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி இருவரும் 37 தம்பதிகளிடம், வீட்டுக் காரியங்கள் இருபதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியிடம் தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால், 20 காரியங்களில் 16-இல் நூறு விழுக்காட்டைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. அடுத்தவர் செய்தது கண்ணில் படாமலே முடிந்துவிடுகிறது.

இதைத் தெரிந்துவைத்திருக்கும் தலைவர் இரண்டு காரியம் செய்வார். ஒன்று, பங்கைப் பற்றிய விவாதத்தை நினைவை வைத்து நடத்தமாட்டார். ஒரு வாரம் எல்லோரும் எழுதட்டும்: தான் செய்தது ஒரு தாளில், மற்றவர் செய்து தன் கண்ணில் பட்டது இன்னொரு தாளில். இரண்டாவது தாள்தான் முக்கியம். அது காலியாக இருப்பதைப் பார்த்தாலே பாதிப் பேருக்குக் குரல் தணிந்துவிடும். இரண்டாவது காரியம், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் ஒருவர் தன் பங்கைக் கூட்டிச் சொன்னால் அதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ளமாட்டார். எல்லோரும் அப்படித்தான் கூட்டுவோம், தலைவரையும் சேர்த்து.

இதோடு ஒட்டிய இன்னொரு அநியாயம் உண்டு. ‘நீதானே பெரியவன், விட்டுக்கொடு.’ ‘நீதானே பொறுப்பானவள், நீயே பார்த்துக்கொள்.’ வேலை தெரிந்தவருக்கு மேலும் வேலை, தெரியாதவருக்கு விடுதலை. குடும்பத்தில் இதன் பலன் இருபது முப்பது வருடம் கழித்து, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் தெரியும். ஒரே பிள்ளையின் தலையில் எல்லாம் விழும், மற்றவர்களுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. அலுவலகத்தில் அவ்வளவு காலம் ஆகாது. திறமையான ஆள் ராஜினாமாக் கடிதத்தோடு வருவார், அன்றைக்குத்தான் அவர் எத்தனை பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்று கணக்கெடுப்போம். இதைத் தடுக்கும் வழி சலிப்பூட்டுவது: அவசர வேலை வரும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயரை விட்டுவிட்டு இரண்டாவது பெயருக்குக் கொடுப்பது. அந்த வேலை கொஞ்சம் மெதுவாக நடப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விதி, அபராதம், பரிசு

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடந்த சோதனை ஒன்றைப் பொருளியலாளர்கள் யூரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்டார்கள். மாலையில் குழந்தையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருவது வழக்கம். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். அப்போதும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. அபராதத்துக்கு முன்னால், ஆசிரியை தனக்காகக் காத்திருக்கிறாரே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கூடுதல் நேரத்துக்கான கட்டணமாகிவிட்டது. காசு கொடுத்தபின் கூச்சம் எதற்கு?

மீட்டிங்குக்குத் தாமதமாக வந்தால் உண்டியலில் காசு போடவேண்டும் என்று விதி வைக்கும் குழுக்களுக்கு இதைச் சொல்லவேண்டும். வீட்டில் படுக்கையை மடித்தால் இவ்வளவு, தட்டைக் கழுவினால் இவ்வளவு என்று விலை போடுகிறவர்களுக்கும்தான். ஒருநாள் பிள்ளை, ‘இன்றைக்கு எனக்குக் காசு வேண்டாம், தட்டைக் கழுவமாட்டேன்’ என்று சொல்லும். விலை போட்டவருக்கு அதற்குப் பதில் இருக்காது. எல்லோரும் வாழும் இடத்துக்காக எல்லோரும் செய்யும் வேலைக்கு விலை வைக்காதீர்கள். வழக்கமான பங்குக்கு மேல் ஒருவர் எடுத்துச் செய்யும் பெரிய வேலைக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை.

பரிசுக்கும் இதே சிக்கல் உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு கிடைத்த ஓய்வு நேரத்தில் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே பரிசே கூடாது என்பதில்லை. ஏற்கெனவே ஆசையாகச் செய்கிற ஒன்றுக்கு ‘இதைச் செய்தால் அதைத் தருவேன்’ என்று பேரம் பேசுவதுதான் கெடுக்கிறது. யாரும் விரும்பாத, சலிப்பான வேலைக்கு இந்த ஆபத்து குறைவு. அங்கே குலைந்துபோக ஆசை ஒன்றும் இல்லை.

விதி எதுவானாலும், அதை உடைக்கும் விதம்தான் அதற்குப் பலம் தருகிறது அல்லது பறிக்கிறது. தூங்கும் நேரம் ஒன்பது மணி. குழந்தை ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்கிறது. நான்கு தடவை முடியாது என்றீர்கள், ஐந்தாவது தடவை அலுத்துப்போய்ச் சரி என்றீர்கள். குழந்தை கற்றுக்கொண்டது ஒன்பது மணி விதியை அல்ல. ஐந்து தடவை கேட்கவேண்டும் என்பதை. நாளைக்கு நீங்கள் ஐந்தாவதிலும் தாக்குப்பிடித்தால் ஆறாவது வரை போய்ப்பார்க்கும். எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தருவதைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நடத்தை உளவியலில் நன்றாக நிலைபெற்ற முடிவு இது. விட்டுக்கொடுப்பதாக இருந்தால் முதல் தடவையே கொடுங்கள், காரணத்தோடு: ‘இன்றைக்கு விருந்தாளி வந்திருப்பதால் பத்து மணி.’ கொடுக்கப்போவதில்லை என்றால் ஒரே பதில், ஒரே குரல். கடைசித் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி வரும் கோரிக்கையும் இப்படித்தான். அதிகம் நச்சரித்தவருக்குக் கிடைக்கிறது என்று தெரிந்தால், அடுத்த மாதம் எல்லோரும் நச்சரிப்பார்கள்.

கண்டிப்பும் கனிவும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரின் போக்குகளை வகைப்படுத்தினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்த ஆய்வுகளில் பொதுவாக நல்ல பலன் தந்தது, எதிர்பார்ப்பும் உயரமாக, அரவணைப்பும் நிறைவாக இருந்த பெற்றோரின் வழி. வெறும் உருட்டல் மிரட்டலும் இல்லை, வெறும் செல்லமும் இல்லை. ‘நான் கொஞ்சம் ஸ்டிரிக்ட், அதனால் நட்பாகப் பழகமாட்டேன்’ என்று சொல்லும் மேலாளர் தேவையில்லாத ஒரு தேர்வைச் செய்கிறார்.

சண்டைக்குப் பிறகு

குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றே எழுதுகிறார்கள். தம்பதிகளின் உரையாடலைப் பல்லாண்டுகள் ஆய்வகத்தில் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன் கண்டது அதற்கு மாறானது. தம்பதிகளின் மனத்தாங்கல்களில் ஏறக்குறைய 69 விழுக்காடு ஒருபோதும் தீராதவை; இருவரின் குணத்திலிருந்து வருபவை. நிலைத்த தம்பதிகள் அவற்றைத் தீர்த்துவிட்டவர்கள் அல்ல. சண்டைக்கு நடுவிலேயே ஒரு சிரிப்பு, ‘சரி, திரும்ப ஆரம்பிக்கலாமா?’ என்ற ஒரு வார்த்தை, இப்படி ஒட்டுப்போடத் தெரிந்தவர்கள். மறுபுறத்தில் அந்த ஒட்டை ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க எண் ஒன்று உண்டு. கோபத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும். அந்த 20 நிமிடத்தில் மனதுக்குள் வாதத்தைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தால் இடைவெளி விட்டும் பயனில்லை. எழுந்துபோகும்போது எப்போது திரும்பிவருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லாமல் போனால் அது முகத்தைத் திருப்பிக்கொள்வது. மீட்டிங்கில் குரல் உயர்ந்தால், ‘மூன்றரைக்குத் தொடரலாம்’ என்று நேரம் சொல்லி நிறுத்துங்கள். ‘பிறகு பேசலாம்’ என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்வது, அதனால் எதிராளிக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வது, இனி என்ன மாறும் என்று சொல்வது, அதோடு நிறுத்துவது. ‘எல்லோர் முன்னாலும் உன் அறிக்கையைக் குப்பை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீ வாயே திறக்கவில்லை. இனிமேல் குறை இருந்தால் தனியாகச் சொல்கிறேன்.’ இதில் ‘ஆனால்’ என்று ஒரு சொல் நுழைந்தால் போதும், மன்னிப்பு வழக்காடலாகிவிடும். ‘உனக்கு வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள்’ என்பதும் அப்படியே. வருத்தப்பட்டது அவர் குறை என்றாகிறது. நாலு பேர் முன்னால் திட்டியதற்கு நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தவறு நடந்ததைக் குழந்தையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

‘நீயே அப்பாகிட்ட சொல்லும்மா’

பிள்ளை அம்மாவிடம் சொல்லும் இந்த வாக்கியம் கேட்காத வீடு குறைவு. இருவருக்கு இடையே இருக்கும் இறுக்கத்தைத் தணிக்க மூன்றாமவரை இழுப்பதை மனநல மருத்துவர் முர்ரே போவன் தன் குடும்ப அமைப்புக் கோட்பாட்டில் முக்கோணம் என்றார். இழுக்கப்பட்டவருக்கு அது முதலில் பெருமையாகக்கூட இருக்கும்: எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நாளாக ஆக, அந்த இருவரும் நேரில் பேசும் பழக்கத்தையே இழந்துவிடுவார்கள். தூது போகிறவர் இருபக்கக் கோபத்தையும் வாங்குவார்.

அலுவலகத்தில் மேலாளர்தான் அந்த அம்மா. ‘அவர் என் மெயிலுக்குப் பதிலே போடுவதில்லை, நீங்கள் கொஞ்சம் பேசுங்களேன்.’ முதல் கேள்வியாக, ‘அவரிடம் சொன்னீர்களா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால், என்ன சொல்வார், எப்படிச் சொல்வார் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து தயார்செய்து அனுப்புங்கள். சொல்லியும் நடக்கவில்லை என்றால் மூவருமாக உட்காருங்கள். ஒருவர் இல்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது: தொந்தரவு, மிரட்டல், பாலியல் சீண்டல் என்று ஒருவர் முறையிட்டால், ‘நேரில் பேசிப் பார்’ என்று அனுப்புவது கொடுமை. அது நீங்கள் கையில் எடுக்கவேண்டிய விஷயம், விதிமுறைப்படி.

இருவர் தரப்பையும் கேட்க ஒரு நிரந்தர இடம் இருந்தால் முக்கோணங்கள் குறையும். உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரின் வழிவந்த ருடால்ஃப் டிரைக்கர்ஸ், குழந்தைகளையும் சேர்த்துக் குடும்பக் கூட்டம் நடத்துவதை வற்புறுத்தியவர். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், 20 நிமிடம். பேசவேண்டியதை வாரம் முழுக்க ஒரு தாளில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாளில் இல்லாதது கூட்டத்தில் இல்லை. தலைமை முறைவைத்து மாறும், எட்டு வயதுக் குழந்தைக்கும் வரும். எடுத்த முடிவுக்கு ஒரு வாரமே ஆயுள். அடுத்த வாரம் திரும்பப் பார்ப்போம். இந்த ஒரு வார விதி சிறியதாகத் தெரியும், ஆனால் ‘முயன்று பார்ப்போமே’ என்று பிடிவாதக்காரரையும் சம்மதிக்கவைப்பது அதுதான்.

கூட்டம் கெடுவது இரண்டு வழியில். ஒன்று, அது விசாரணை மன்றமாவது: ஒரே பிள்ளையின் தவறுகளை மட்டும் வாராவாரம் அலசினால், அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிடும், உடம்பு அங்கே இருந்தாலும். இரண்டாவது, ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குக் கருத்துக் கேட்பதாக நடிப்பது. வீடு மாறப்போவது உறுதி. வாடகை முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. பிறகு, ‘எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள்?’ என்றால், கேட்கப்பட்டவர்கள் இனி எந்தக் கேள்விக்கும் மனதிலிருப்பதைச் சொல்லமாட்டார்கள். பேச்சைத் தொடங்கும்போதே எந்த வகை என்று சொல்லிவிடுங்கள்: முடிவு எடுத்தாகிவிட்டது, எப்படிச் செய்வது என்று மட்டும் பேசுவோம், அல்லது, உங்கள் கருத்தைக் கேட்டு நான் முடிவெடுப்பேன், அல்லது, சேர்ந்து முடிவெடுப்போம். மூன்றுமே நேர்மையானவைதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்வதுதான் பிரச்சினை.

எதைக் கொண்டுபோகக் கூடாது

‘இங்கே நாம் எல்லோரும் ஒரே குடும்பம்.’ நிறுவனங்கள் ஆசையாகச் சொல்லும் இந்த வாசகத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். குடும்பத்தில் ஒருவரின் இடம் அவர் வேலை செய்யும் தரத்தைப் பொறுத்ததல்ல. வேலையில் பொறுத்தது, இருதரப்பும் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான். இரண்டையும் கலந்தால், சம்பளமில்லாத கூடுதல் நேரம் பாசக் கடமையாகிவிடும், ஊதிய உயர்வு கேட்பது நன்றிகெட்டதனமாகிவிடும், விலகுவது துரோகமாகிவிடும். வியாபாரம் சரிந்து ஆட்குறைப்பு வரும் நாளில் அந்த வாசகத்தைச் சொன்னவரே கடிதத்தை நீட்டுவார். அதே போல, உடன் வேலை செய்கிறவர்கள் உங்கள் குழந்தைகள் அல்ல. வழிகாட்டுவதற்காக எடுத்துக்கொண்ட உதாரணங்களில் பெற்றோர், பிள்ளை என்று வருவதால், ‘கண்டித்துத் திருத்துவது என் கடமை’ என்று நினைத்துவிடக்கூடாது. வயதுவந்தவர்களுக்கு நடுவே பயன்படுவது, கணவன் மனைவிக்கு இடையிலும், வளர்ந்த சகோதரர்களுக்கு இடையிலும் வேலை நடக்கும் விதம்தான்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, மாத இலக்கு வைத்து, சுவரில் தரவரிசை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரக் கூட்டத்துக்கும் பொறுப்புப் பிரிவினைக்கும் மேல் வேறு எந்த நிர்வாகக் கருவியும் வீட்டுக்குத் தேவைப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஒரு வாரம் விடுப்பு எடுப்பதிலிருந்து. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும் வாரத்தில்தான் ஒரு வீட்டில் எது எது ஒரே தலையில் இருந்தது என்று தெரியவரும்: காப்பீட்டுக் காகிதம் எங்கே, மின்கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, தாத்தாவின் மாத்திரையில் எது சாப்பாட்டுக்கு முன்னால், பள்ளி செயலியின் கடவுச்சொல் என்ன. நோய் வரும் வரை காத்திராமல் இதைத் திட்டமிட்டே செய்யலாம். வீட்டில் என்றால் இருவரும் ஒரு வாரம் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் என்றால், போனை எடுப்பேன், ஆனால் வந்த ஒவ்வொரு அழைப்பையும் குறித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். எதற்காக அழைத்தார்கள் என்பதை ஒரு வரியில் எழுதி, பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தகவல் என்னிடம் மட்டும் இருந்தது, முடிவெடுக்கும் உரிமை என்னிடம் மட்டும் இருந்தது, இரண்டும் அவரிடமே இருந்தும் பயத்தில் அழைத்தார். முதல் வகைக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைத்தால் முடிந்தது. இரண்டாவதற்கு எவ்வளவு தொகைவரை, எந்த விஷயம்வரை அவரே முடிவெடுக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். மூன்றாவது வகைதான் அதிகம் என்றால், கடந்த சில மாதங்களில் யாராவது தானாக முடிவெடுத்து அது தவறிப்போனபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அந்தக் குழுவிலேயே ஒருவரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.